மைனஸ் இருபதில் மோட்டார் சைக்கிள்

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை

மார்கழி மாதம் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும் என்றாலே நம்ம ஆட்களுக்கு மப்ளர், மங்கி குல்லா, ஸ்வெட்டர் எல்லாம் வேண்டும். தெர்மாமீட்டரைப் பார்த்தால் 20 டிகிரி காட்டும். அந்த 20-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டுப் பாருங்கள், அதுதான் லடாக்கின் ஜனவரி. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் அங்கே மைனஸ் 15, மைனஸ் 20 என்பது யாரும் பெரிதாகப் பேசாத சாதாரண விஷயம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் வகுப்பில் நாலு பேர் டிப்ளமோ முடித்த கையோடு டிசம்பரில் பைக்கிலேயே லடாக் போவதென்று முடிவு கட்டி, மாதாமாதம் சீட்டு கட்டுகிற மாதிரி பணம் சேர்த்து வருகிறார்கள். எல்லாம் வீடியோ பார்த்து வந்த தைரியம். கேட்டால், "வண்டியை நல்லா சர்வீஸ் பண்ணிட்டா போதும் மாப்ள, நாமெல்லாம் மெக்கானிக்கல்தானே" என்கிறார்கள். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கடுங்குளிரில் வண்டிக்கு என்ன ஆகிறது, ஓட்டுகிறவனுக்கு என்ன ஆகிறது, இரண்டில் எது முதலில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

பாதி பதில் புத்தகத்தில் கிடைத்தது. மீதி என் சித்தப்பாவிடம் கிடைத்தது. அவர் பத்தாவதோடு ராணுவத்தில் சேர்ந்து, வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கில் இரண்டு குளிர்காலம் பார்த்தவர். அவருடைய இடது கை மோதிர விரல், சுண்டு விரல் இரண்டின் நுனியிலும் இன்றைக்கும் உணர்ச்சி கிடையாது. சட்டைப் பொத்தான் போடும்போது கண்ணால் பார்த்துத்தான் போடுவார்.

முதலில் வண்டி. நமக்குப் பழக்கமான பேட்டரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். லெட் ஆசிட் பேட்டரிக்குள் நடப்பது ரசாயன மாற்றம். குளிர் ஏற ஏற அது மந்தமாகிறது. மைனஸ் 18 டிகிரியில் பேட்டரி தரக்கூடிய சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. லேபில் ஹைட்ரோமீட்டர் வைத்து ஸ்பெசிஃபிக் கிராவிட்டி பார்த்திருப்போம். முழு சார்ஜில் 1.26, 1.28 என்று காட்டும் ஆசிட் மைனஸ் 50-க்குக் கீழேயும் உறையாது. சார்ஜ் தீர்ந்து 1.12-க்கு இறங்கிய ஆசிட் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி. அது மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்துவிடும். உறைந்தால் விரியும், விரிந்தால் பேட்டரியின் உடம்பு வெடிக்கும். ஆக, அங்கே இறங்கிப்போன பேட்டரியை ராத்திரி வெளியில் விட்டால் காலையில் சார்ஜ் போடக்கூட அது மிஞ்சாது. சித்தப்பா காலத்தில் பேட்டரியைக் கழற்றி பாரக்குக்குள் கொண்டுபோய், தங்கள் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக்கொள்வார்களாம்.

பேட்டரி பாதி பலத்தில் இருக்கும் அதே நேரத்தில் ஸ்டார்ட்டருக்கு வேலை கூடுகிறது. காரணம் ஆயில். டப்பாவில் 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த டபிள்யூ எதைக் குறிக்கிறது என்று வைவாவில் கேட்டால் பாதிப் பேர் "வெயிட்" என்பார்கள். அது விண்டர், அதாவது குளிர்காலம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் சின்னதாக ஆக ஆக அந்த ஆயில் குளிரில் சுலபமாக ஓடும். எஞ்சினைச் சுற்ற விடுகிற அளவுக்கு ஆயில் இளகி இருக்கிறதா என்று 20டபிள்யூ-வை மைனஸ் 15-லும், 10டபிள்யூ-வை மைனஸ் 25-லும், 5டபிள்யூ-வை மைனஸ் 30-லும் சோதிக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அருமையான 20டபிள்யூ-50-ஐ ஊற்றிக்கொண்டு போய் மைனஸ் 20-ல் கிக்கரை மிதித்தால், உள்ளே தேன்பாகு மாதிரி இருக்கும். அதைவிட மோசம், ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகள். பம்ப் இழுத்து ஆயில் மேலே ராக்கர் வரைக்கும் ஏறுவதற்குள் உலோகத்தோடு உலோகம் தேயும். அதனால்தான் பழைய புல்லட்காரர்கள் சுவிட்சைப் போடாமலேயே ஏழெட்டு தடவை மெதுவாக மிதித்து ஆயிலை இளக்கிவிட்டு, அப்புறம்தான் சாவியைத் திருப்புவார்கள். ஸ்டார்ட் ஆன உடனே ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவனைப் பார்த்தால் சித்தப்பாவுக்கு இப்பவும் கோபம் வரும்.

புல்லட் என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பித்ததற்குப் பின்னால், எல்லைக் காவலுக்கு புல்லட் வேண்டும் என்ற அரசாங்கத்தின் ஆர்டர் இருந்தது. திருவொற்றியூர் வெக்கையில் தயாரான வண்டிகள்தான் அந்தப் பனிக்குப் போய் ஓடின. இதில் நமக்குக் கொஞ்சம் பெருமை பட்டுக்கொள்ள உரிமை உண்டு.

பெட்ரோலைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். நம் நாட்டில் எந்தக் குளிரிலும் பெட்ரோல் உறையாது. உறைவது டீசலில் உள்ள மெழுகுதான். அதற்காகத்தான் 2019-ல் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய தனி டீசலை லடாக்குக்காகக் கொண்டு வந்தது. பெட்ரோலில் பிரச்சினை வேறே. திரவமாக இருந்தால் அது எரியாது, ஆவியாக வேண்டும். குளிரில் கொஞ்சம்தான் ஆவியாகும். சோக் இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடும். அதிகமாகப் போகிற பெட்ரோலில் ஆவியாகிற சிறு பங்கே தீப்பிடிக்கப் போதுமானதாகிவிடும். உயரம் இதற்கு நேர் எதிர் வேலை செய்யும். கர்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய கணக்கிலேயே பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கறுப்புப் புகை வரும், இழுவை பாதியாகும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் இருப்பதால், சென்சார் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்து பெட்ரோலைத் தானே குறைத்து ஏற்றிக்கொள்ளும். ஆனால் இல்லாத காற்றை சென்சார் கொண்டுவர முடியாது, இழுவை குறைவது குறைவதுதான். (கர்துங் லாவில் பலகையில் 18,380 அடி என்று எழுதி, எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கருவி வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது 17,582 அடி. சர்வேயிங் பாடத்தை வெறுப்பவர்கள் கவனிக்கவும்.)

பெட்ரோல் உறையாது, ஆனால் பெட்ரோலில் உள்ள தண்ணீர் உறையும். பாதி டேங்க்கோடு வண்டியை நிறுத்தினால், மீதி இடத்தில் இருக்கும் காற்றின் ஈரம் ராத்திரி டேங்க் சுவரில் வேர்த்து அடியில் போய்ச் சேரும். ஒரு சொட்டு ஐஸ் போதும் பெட்ரோல் குழாயை அடைக்க. சாயங்காலமே டேங்க்கை நிரப்பி நிறுத்துவது இதற்காகத்தான். கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள் உறைக்குள் தண்ணீர் போயிருந்தாலும் இதே கதிதான்.

டயரில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. சென்னையில் 30 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். மைனஸ் 20-க்குப் போனால் என்ன ஆகும்? கேஜ் காட்டும் 28-உடன் வெளிக் காற்றின் 14.7-ஐக் கூட்டினால் 42.7. கெல்வினில் 303-லிருந்து 253-க்கு இறங்கினால் அது சுமார் 35.7 ஆகும். 14.7-ஐக் கழித்தால் கேஜில் 21. ஐயோ, ஏழு பி.எஸ்.ஐ. போச்சே என்று தோன்றும். ஆனால் லேயில் வெளிக் காற்றே சுமார் 9.6 பி.எஸ்.ஐ. தான். அதைக் கழித்தால் கேஜ் 26 காட்டும். குளிர் எடுத்ததை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது! ஆக, காற்று பெரிய கவலை இல்லை. ரப்பர்தான் கவலை. சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே விறைக்க ஆரம்பித்துவிடும். மைனஸில் அது செருப்பின் அடிப்பாகம் மாதிரி ஆகி, ரோட்டின் மேடு பள்ளத்துக்குள் அழுந்தாமல் மேலேயே நிற்கும்.

இப்படி விறைத்த டயர் ஐஸ் மேல் போனால்? காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் கெழு 0.7 என்றால் ஐஸில் 0.1 தான். அப்ளைடு மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த ரோட்டில் 9 மீட்டரில் நிற்கும் வண்டி, ஐஸில் 63 மீட்டர் போகும். வளைவில் வண்டியைச் சாய்க்கும் கோணமும் இதே கணக்குதான். காய்ந்த ரோட்டில் 35 டிகிரி வரை சாய்க்கலாம், ஐஸில் ஆறு டிகிரியைத் தாண்டினாலே டயர் வழுக்கும். ஆறு டிகிரி என்பது சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் சாய்வைவிடக் குறைவு! மலைச் சாலையில் இது எங்கே காத்திருக்கும் என்றால், வெயில் படாத வளைவில். பகலில் மேலே உருகிய பனி ரோட்டின் குறுக்கே ஓடி, நிழல் விழுந்ததும் உறைந்து, கண்ணாடி மாதிரி தாரோடு தாராக ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு ஈரமாகத் தெரியும், அவ்வளவுதான். மைனஸ் 25-ல் இறுகிய ஐஸைவிட, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மேலே லேசாகத் தண்ணீர் கசியும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். மத்தியானம் வெயில் வந்துவிட்டது என்று நிம்மதியாகப் போகிறவன்தான் விழுகிறான்.

ஜெர்மனியில் 1956-லிருந்து குளிர்காலத்தின் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம் நடக்கிறது. பெயர் 'எலிஃபான்டன்ட்ரெஃபன்', யானைகள் சந்திப்பு என்று அர்த்தம். 1989 முதல் பவேரியக் காட்டுப் பகுதியில் பனிக்குள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். 'பச்சை யானை' என்று செல்லப்பெயர் பெற்ற ட்சுண்டாப் கே.எஸ். 601 என்ற வண்டியால் வந்த பெயர் அது. அது சைடு கார் பூட்டிய வண்டி என்பதுதான் கவனிக்க வேண்டியது. மூன்றாவது சக்கரம் இருந்தால் சாய்க்கவும் வேண்டாம், வழுக்கினாலும் கவிழாது. பனி நாட்டுக்காரன் அனுபவத்தில் கண்ட வழி அது. நம்ம பையன்கள் ரெண்டு சக்கரத்தில் போவதை வீரம் என்று நினைக்கிறார்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றலாம், ஆயிலை மாற்றலாம், டேங்க்கை நிரப்பலாம், ஐஸைக் கண்டால் இறங்கித் தள்ளலாம். சித்தப்பாவிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா உள்ள போய் டீ குடிச்சிட்டு வந்து மறுபடி மிதிக்கலாம்டா தம்பி. பாதி வழியில கை ஸ்டார்ட் ஆகலேன்னா என்ன பண்ணுவே?" என்றார்.

கை விஷயம் இதுதான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று தோலை ஒட்டியிருக்கும் சூடான காற்றுப் படலத்தை அடித்துக்கொண்டு போகிறது. இதை விண்ட் சில் என்கிறார்கள். பால் சைப்பிள் என்ற அமெரிக்கரும் அவருடைய கூட்டாளியும் 1940-களில் அன்டார்க்டிகாவில், ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றிக் காற்றில் தொங்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்து இந்தக் கணக்கை ஆரம்பித்தார்கள். 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்திப் புதிய சூத்திரம் கொண்டு வந்தன. அதன்படி மைனஸ் 20 டிகிரியில் 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 36 மாதிரி. அந்த நிலையில் மூடாத தோல் 10-லிருந்து 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். வேகத்தை 30 ஆகக் குறைத்தாலும் மைனஸ் 33 தான். மெதுவாகப் போனால் குளிராது என்பது அதனால் பெரிய சமாதானம் ஆகாது.

இதில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். எதிர்க்காற்றில் எஞ்சினும் பேட்டரியும் மைனஸ் 36-க்குப் போகுமா? போகாது. காற்று மைனஸ் 20 என்றால் எந்தப் பொருளும் அந்த மைனஸ் 20-ஐத் தாண்டிக் குளிராது, சீக்கிரம் அங்கே போய்ச் சேரும், அவ்வளவே. விண்ட் சில் என்பது தானே சூட்டை உண்டாக்கிக்கொண்டு 37 டிகிரியில் நிற்க முயலும் உடம்புக்கான கணக்கு. அதாவது ஒரே ரோட்டில் ஒரே நேரத்தில் வண்டி ஒரு குளிரிலும், அதை ஓட்டுகிறவன் அதைவிடக் கொடிய குளிரிலும் போகிறார்கள்.

உடம்பு ரேஷன் கடை மாதிரி. சரக்கு குறைந்தால் முக்கியமானவர்களுக்கு மட்டும்தான். இதயம், மூளை, வயிறு இவற்றைச் சூடாக வைக்க, கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். முதலில் தண்டனை விரலுக்குத்தான். விரல் தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலை தடுமாறும். 8 டிகிரி வாக்கில் தொடு உணர்ச்சி போய்விடும். இப்போது யோசியுங்கள், மோட்டார் சைக்கிளில் முன் பிரேக்கும் கிளட்ச்சும் எதில் இருக்கின்றன? ஐஸில் பிரேக்கை முட்டையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்க வேண்டும் என்கிறோம். எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாத விரலால் முட்டையை எப்படிப் பிடிப்பது? மொத்த வண்டியிலும் சர்வீஸ் பண்ண முடியாத பாகம் விரல்தான், முதலில் நிற்பதும் அதுதான்.

கை குளிர்ந்தால் கைக்கு மட்டும் உறை போட்டால் போதும் என்று நினைப்போம். விரலை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில்தான் இருக்கின்றன, விரலுக்கு வருவது நரம்புக்கயிறு மாதிரி தசைநாண். கிளட்ச் கேபிள் போலத்தான். அதனால் நெஞ்சும் முன்கையும் சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தமும் வரும், பலமும் வரும். உள்ளே பருத்தி பனியன் போடக்கூடாது. வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு தாங்கும். அதற்கு மேல் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் மேல் காற்றே புகாத ஒரு ஜாக்கெட். நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே நாலு மடிப்பு நியூஸ் பேப்பரைச் சொருகுவது பழைய லாரி கிளீனர் வித்தை. செலவில்லாமல் காற்றைத் தடுக்கும். கையுறை இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும், அதனால் ஒரு சைஸ் பெரிதாக வேண்டும். வடநாட்டில் குளிர்காலத்தில் ஹேண்டில்பார் மேலேயே பெரிய பை மாதிரி ஒரு உறையை மாட்டியிருப்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கையுறையைவிட அதுதான் உருப்படியான வேலை செய்கிறது, காற்று விரலைத் தொடவே விடாது.

ரம் குடித்தால் சூடு ஏறும் என்பது சுத்தப் பொய். உடம்பு கஷ்டப்பட்டு மூடிவைத்த தோலின் ரத்தக் குழாய்களை மது திறந்துவிடும். சூடு வெளியே போகும்போது சுகமாகத் தெரியும், உள்ளே இருப்பது குறைந்துகொண்டே வரும். ராணுவத்தில் ரம் கொடுப்பது வேலை முடிந்து கதகதப்பான அறைக்குள் வந்த பிறகு என்று சித்தப்பா சொல்கிறார். "குடிச்சிட்டு வெளிய போனவனைத் தேடிப் போயிருக்கேன்" என்று அதோடு நிறுத்திக்கொண்டார், மேலே சொல்லவில்லை.

உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஆபத்தான நிலை. நடுக்கம் வரும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், ஜிப்பைப் போடத் தெரியாமல் தடவுவான். இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பிடம் நடுங்கவும் சக்தி இல்லை என்று அர்த்தம். மோசம் என்னவென்றால், இதைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளையே மந்தமாகிவிடுவதால் அவனுக்கே தெரியாது. அதனால் தனியாகப் போகக்கூடாது, அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி ஒருவரை ஒருவர் பேசவிட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் நாலு பேருக்கு இன்னொரு தகவலும் இருக்கிறது. 2020-ல் அடல் சுரங்கம் திறந்ததால் ரோத்தாங் கணவாயை ஏற வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் மணாலியிலிருந்து லே போகும் வழியில் அதற்கப்புறமும் பாராலாச்சா லா, தங்லங் லா எல்லாம் இருக்கின்றன. குளிர்காலத்தில் அந்த ரோடு பனியில் மூடிவிடும், எல்லைச் சாலை அமைப்பினர் பனியை வெட்டித் திறந்தால்தான் உண்டு. ஸ்ரீநகர் பக்கம் சோஜி லாவும் பனி கொட்டினால் மூடிக்கொள்ளும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை போனால் இதே மலை, இதே கணவாய், விரல் பத்தும் வேலை செய்யும். போட்டோவில் பனி கொஞ்சம் குறைவாக இருக்கும்.

கடைசியாக, யாருக்காவது விரல் வெளுத்து, மெழுகு மாதிரி ஆகி, கிள்ளினாலும் தெரியவில்லை என்றால் அது பனிக்கடி. தேய்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் ஐஸ் துகள்கள் சதையைக் கிழிக்கும். நெருப்பிலோ சைலன்சரிலோ காட்டக் கூடாது. உணர்ச்சி இல்லாததால் வெந்துபோவது தெரியாது. மறுபடி குளிருக்குள் போக வேண்டியிருந்தால் உருக்கவே கூடாது, உருகித் திரும்ப உறைந்தால் விரலையே இழக்க வேண்டியிருக்கும். பத்திரமான இடத்துக்கு வந்த பிறகு 37-லிருந்து 39 டிகிரி வரை உள்ள தண்ணீரில் வைத்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், அடிபடாத ஒருவர் தன் முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். அடிபட்டவர் தன் விரலை விட்டுப் பார்த்தால் கொதிக்கிற தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் தெரியும்.